எத்தனை மடங்கு?



இந்தச் சந்திப்பையொட்டி நம் சங்கம் கல்லூரிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தருவதென்று முடிவாகியிருக்கிறது. பல பேட்ச் நண்பர்கள் பணம் தந்திருக்கிறார்கள். மாணவர்கள் வானியல் மன்றம் ஆரம்பிக்கத் தயாராக இருக்கிறார்கள். விடுதி மொட்டை மாடியும் காத்திருக்கிறது. பாக்கி இருப்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தொலைநோக்கி? இதைப் பற்றி என்னிடம் பேசிய சீனியர் அண்ணன்களும் சரி, ஜூனியர் தம்பிகளும் சரி, எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை மடங்கு பெரிசா காட்டும்?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் நம் பணம் போய்விடும். பணம் போனால் கூடப் பரவாயில்லை; முதல் முறை கண்ணை வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாமல் ஏமாந்த பையன் இரண்டாம் முறை மாடிக்கு வரமாட்டான். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் அல்ல. நானூறு வருஷமாகப் பெரிய பெரிய ஆசாமிகள் கற்றுக்கொண்ட பாடம். நான் மெக்கானிக்கல் பிரிவில் படித்து, இயந்திரங்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன். வானியல் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அந்தத் தகுதியில் இந்த நானூறு வருஷக் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று மடங்கில் ஆரம்பம்

1608-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஹாலந்து தேசத்து மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்து விற்றுக்கொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் ஒரு குழாயை எடுத்துக்கொண்டு ஹேக் நகரத்து அரசு மன்றத்துக்குப் போனார். காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. "இதே மாதிரி நானும் செய்திருக்கிறேன்" என்று வேறு ஆட்களும் வந்து நின்றதுதான் காரணம். இரண்டு லென்ஸ், ஒரு குழாய். பார்த்தவன் எவனும் செய்துவிடலாம். அந்தக் குழாய் சுமார் மூன்று மடங்கு பெரிதாக்கியது. அவ்வளவுதான்! இன்றைக்குத் திருவிழாக் கடையில் விற்கும் விளையாட்டுக் குழாய்க்குச் சமம்.

சேதி அடுத்த வருஷமே இத்தாலிக்குப் போய்விட்டது. பாதுவா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த கலிலியோ தானே லென்ஸ் தேய்த்து உட்கார்ந்துவிட்டார். 1609 ஆகஸ்டில் எட்டு ஒன்பது மடங்கு பெருக்கும் கருவி ஒன்றோடு வெனிஸ் நகரப் பெரியவர்களைப் புனித மார்க் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போனார். வெறும் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே வரும் கப்பலை அதில் பார்க்க முடிந்தது. கடல் வாணிபம் செய்யும் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? கலிலியோவின் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பானது, வேலையும் ஆயுளுக்கும் நிரந்தரமானது. (அப்ரைசல் என்றால் இப்படி இருக்க வேண்டும்!)

அந்த வருஷக் கடைசிக்குள் இருபது மடங்கை எட்டிவிட்டார். 1610 ஜனவரி 7-ம் தேதி இரவு, வியாழனுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்த்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகள்! எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்ற நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது வெறும் இருபது மடங்கு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விளம்பர எண்

அதே 1610 மார்ச்சில் கலிலியோ தன் கண்டுபிடிப்புகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் தன் கருவி பொருள்களை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெரிதாகவும், முப்பது மடங்குக்கு மேல் கிட்டத்திலும் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறார். அதென்ன, ஒரே குழாய்க்கு இரண்டு கணக்கு?

முப்பது என்பது நீள அகலக் கணக்கு. ஆயிரம் என்பது பரப்பளவுக் கணக்கு. நீளத்தில் முப்பது, அகலத்தில் முப்பது, பெருக்கினால் தொள்ளாயிரம். கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் ஆயிரம். பொய் இல்லை. ஆனால் கேட்கிறவன் காதில் ஆயிரம்தான் விழும். உருப்பெருக்க எண்ணுக்கு இருக்கும் வசியம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று சொல்வேன்.

ஆனால் கலிலியோ எண்ணில் மயங்கியவர் அல்ல. அதே நூலில், வானத்தைப் பார்க்க விரும்புகிறவர் வைத்திருக்கும் கருவி பொருளைப் பிரகாசமாகவும் தெளிவாகவும் காட்ட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மடங்குக்கு வருகிறார். உருப்பெருக்கத்தை அளக்க ஒரு சுலபமான வழியும் தருகிறார். காகிதத்தில் ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம் வெட்டிச் சுவரில் ஒட்டு. ஒரு கண்ணால் குழாய் வழியே சின்னதைப் பார், இன்னொரு கண்ணால் நேராகப் பெரியதைப் பார். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால், வட்டங்களின் விகிதம்தான் உன் உருப்பெருக்கம். மாணவர்கள் இதை நம் ஆய்வுக்கூடத்துச் சுவரிலேயே செய்து பார்க்கலாம்.

1610 ஜனவரியில் அவர் எழுதிய ஒரு கடிதம் இன்னும் சுவாரசியம். குழாயைக் கையில் பிடித்தால் நாடித் துடிப்பும் மூச்சும் கூட அதை ஆட்டிவிடும், அசையாத ஒன்றின் மேல் பொருத்து என்கிறார். லென்ஸின் ஓரத்தை மூடி நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினால் பிம்பம் தெளிவாகும் என்கிறார். தொலைநோக்கி பிறந்து ஒன்றரை வருஷம் கூட ஆகவில்லை. அதற்குள் உறுதியான தாங்கியும் நல்ல லென்ஸும் முக்கியம் என்று மனுஷன் கண்டுபிடித்துவிட்டார்!

இன்னொரு சங்கடமும் அவருக்கு இருந்தது. அவருடைய கருவிகளில் தெரிந்த வானத்தின் அகலம் மிகக் குறைவு. ஃபிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கும் அவருடைய தொலைநோக்கிகளில் முழு நிலவின் விட்டத்தில் பாதிதான் ஒரே சமயத்தில் தெரியும். சாவித் துவாரம் வழியாகக் கல்யாண மண்டபத்தைப் பார்ப்பது போல. மடங்கைக் கூட்டினால் துவாரம் இன்னும் சுருங்கும். பார்க்க நினைத்ததைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

நீளமே ஆளைக் கொன்றது

1611-ல் கெப்ளர் ஒரு மாற்று வழி சொன்னார். கண் வைக்கும் பக்கத்தில் குழி லென்ஸுக்குப் பதிலாகக் குவி லென்ஸ். பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஆனால் காட்சி அகலமாகும். வானத்தில் எது தலை, எது கால்? ஜோதிடருக்கே தெரியாது. ஆகவே வானியலார் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

1655 மார்ச் 25-ம் தேதி, ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், அண்ணன் கான்ஸ்டான்டைனோடு சேர்ந்து தேய்த்த லென்ஸைக் கொண்டு சனிக்கிரகத்தின் நிலவான டைட்டனைக் கண்டுபிடித்தார். லென்ஸின் அகலம் சுமார் 57 மில்லிமீட்டர். உருப்பெருக்கம் சுமார் 50 மடங்கு. சனியின் இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ இருக்கிறதே என்று கலிலியோ குழம்பிய விஷயத்துக்கு, அது கிரகத்தைத் தொடாமல் சுற்றி நிற்கும் வளையம் என்று 1659-ல் விடை அச்சிட்டவரும் இவர்தான். இன்றைக்கு விற்கும் மிகச் சாதாரணத் தொலைநோக்கியின் லென்ஸ் 60 மில்லிமீட்டர். ஹைகன்ஸ் லென்ஸைவிட அகலம்!

அப்புறம்தான் போட்டி ஆரம்பித்தது. இன்னும் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு! ஆனால் அன்றைய ஒற்றை லென்ஸில் ஒரு குறை. சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியாது. பிம்பத்தைச் சுற்றி வானவில் படர்ந்து நிற்கும். இந்த நிறப்பிறழ்ச்சியைக் குறைக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, குவிய தூரத்தை நீட்டுவது. நீட்டினார்கள், நீட்டினார்கள், நீட்டிக்கொண்டே போனார்கள். போலந்தின் டான்சிக் நகரில் ஹெவேலியஸ் கட்டிய தொலைநோக்கியின் நீளம் 150 அடி! ஒரு பெரிய கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். காற்று வீசினால் ஆடும். ஈரத்தில் கயிறு சுருங்கும், மரம் வளையும். இரண்டு லென்ஸையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்துவதற்கே பல பேர் வேண்டும். 1673-ல் அவர் வெளியிட்ட நூலில் அந்தப் பிரம்மாண்டத்தின் படம் இருக்கிறது. பார்த்தால் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் அதைக் கொண்டு உருப்படியாகப் பார்த்தது மிகக் குறைவு. பீம், கேண்டிலீவர் என்று நாம் பாடம் படித்தோமே, அதன் அருமை இங்கேதான் புரிகிறது. ஆடும் தாங்கியில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஆட்டமும் அதே மடங்கு கூடும்.

ஆறு அங்குலத்தின் மகிமை

இந்தச் சிக்கலுக்கு 1668-ல் நியூட்டன் ஒரு விடை கண்டார். லென்ஸுக்குப் பதில் குழியாடி. ஆடியில் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியும். அவருடைய முதல் கருவி ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் நாற்பது மடங்கை ஒட்டிப் பெருக்கியது. அடுத்து செய்த ஒன்றை ராயல் சொசைட்டிக்குக் காட்டினார். எல்லோரும் அசந்து போனார்கள். ஆனால் நல்ல ஆடி தேய்ப்பது அப்போது யாருக்கும் கைவரவில்லை.

ஐம்பது வருஷம் கழித்து, 1721-ல், ஜான் ஹாட்லி என்ற ஆங்கிலேயர் 6 அங்குல அகல ஆடியோடு, ஆறடி நீளத்தில் ஒரு கருவி செய்துகாட்டினார். ஹைகன்ஸ் தேய்த்த 123 அடி நீளத் தொலைநோக்கியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரகாசம் கொஞ்சம் குறைவு, தெளிவில் சளைக்கவில்லை. 123 அடி எங்கே, 6 அடி எங்கே! நல்ல ஆடி ஒன்று இருந்தால் போதும்.

அடுத்து வருபவர் என் ஹீரோ. வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தின் பாத் நகரில் சங்கீத வாத்தியாராகப் பிழைத்தவர். தங்கை கரோலினின் உதவியோடு வீட்டிலேயே உலோக ஆடி தேய்த்தார். 1781 மார்ச் 13-ம் தேதி இரவு, 6.2 அங்குல ஆடியுள்ள தன் தொலைநோக்கியில் 227 மடங்கு வைத்து விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தது. சட்டென்று ஐபீஸை மாற்றினார். 460 மடங்கு. அப்புறம் 932. பக்கத்தில் இருந்த விண்மீன்கள் புள்ளியாகவே இருந்தன. இது மட்டும் மடங்குக்குத் தகுந்தபடி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆகவே இது விண்மீன் அல்ல! முதலில் வால்மீன் என்று நினைத்தார். அது யுரேனஸ்: மனித வரலாற்றில் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கிரகம்.

உருப்பெருக்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது. குறைந்த மடங்கில் தேடினார். சந்தேகம் வந்தபோது கூட்டினார். மடங்கு அவருக்குப் பெருமை இல்லை, ஒரு கேள்வி கேட்கும் கருவி.

ஆனால் அதே ஹெர்ஷல், அதே ஆறு அங்குலச் சொச்சக் கருவியில் 6,000 மடங்குக்கு மேலும் வைத்துப் பார்த்ததாக அறிவித்தபோது மற்ற வானியலார் நம்பவில்லை. கணக்குப் பார்த்தால் அதற்கு ஒரு மில்லிமீட்டரில் பாதி கூட இல்லாத குவிய தூரமுள்ள ஐபீஸ் வேண்டும். கடுகுக்கும் சின்னதான லென்ஸ்! அவர் பொய் சொல்லவில்லை. எப்படி அளந்தார் என்று ராயல் சொசைட்டிக்கு 1782-ல் விளக்கமாக எழுதினார். அதே வருஷம் கிரீன்விச் ஆய்வகத்துக்குத் தன் கருவியை எடுத்துப்போய் அங்கிருந்த கருவிகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஹெர்ஷலுடையதே மேல் என்று அரசு வானியலாரே ஒப்புக்கொண்டார். ஆனால் கவனியுங்கள்: அவர் ஜெயித்தது அந்த 6,000 என்ற எண்ணால் அல்ல, ஆடியின் தரத்தால். அவருடைய கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை குறைந்த மடங்கில் வந்தவை. 1789-ல் 48 அங்குல ஆடியோடு 40 அடி நீளத்தில் ஒரு ராட்சசக் கருவி கட்டினார். கையாள்வது கஷ்டம் என்று, அவரே பெரும்பாலும் 20 அடிக் கருவிக்குத்தான் திரும்பிப் போனார்.

இந்த ஆறு அங்குலத்துக்கு நம் ஊர்ச் சம்பந்தமும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்துக்கு, 1850-ல் பாரிஸ் நகரத்து லெர்பூர் - செக்ரடான் செய்த ஆறு அங்குலச் சொச்ச லென்ஸ் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. ஆய்வகத் தலைவர் கேப்டன் ஜேக்கப் அதைக் கொண்டு 1852-ல் சனியின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக் கூடியது என்று கண்டார். அந்த வளையம் தட்டு மாதிரி திடமானது அல்ல என்பதற்கு அது ஒரு முக்கியமான தடயம். நுங்கம்பாக்கத்து வானம், ஆறு அங்குல லென்ஸ். அவ்வளவுதான்!

மேலே போக முடியாத சுவர்

"அப்போ மடங்கை எவ்வளவு வேணும்னாலும் கூட்டலாமா?" என்று கேட்டால், கூட்டலாம். தடுக்க ஆளில்லை. கணக்கு சுலபம். தொலைநோக்கியின் குவிய தூரத்தை ஐபீஸின் குவிய தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். 1200 மில்லிமீட்டர் குழாயில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு. 10 போட்டால் 120. ஆகவே உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குணமே அல்ல. ஐபீஸை மாற்றினால் மாறிவிடும். தொலைநோக்கியோடு கூடப் பிறந்தது அதன் வாயகலம்தான், அதாவது லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம்.

அந்த வாயகலம் இரண்டு விஷயத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று வெளிச்சம். வாயகலத்தின் வர்க்கத்துக்குத் தகுந்தபடி ஒளி சேரும். 150 மில்லிமீட்டர் ஆடி, 60 மில்லிமீட்டர் லென்ஸைப் போல ஆறே கால் மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. மடங்கைக் கூட்டும்போது, சேர்ந்த அதே ஒளியைத்தான் பெரிய பரப்பில் தடவுகிறோம். 60 மடங்கிலிருந்து 600-க்குப் போனால் அதே ஒளி நூறு மடங்கு பரப்பில் பரவும். ஒரு டம்ளர் காபியில் ஒரு அண்டா தண்ணீர் விட்ட கதை.

இரண்டாவது நுணுக்கம். 1835-ல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலார், எவ்வளவு சிறந்த லென்ஸாக இருந்தாலும் விண்மீனின் பிம்பம் ஒரு புள்ளியாக விழாது, சின்ன வட்டமாகத்தான் விழும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஒளி ஒரு அலை என்பதால் வரும் விளைவு அது. வாயகலம் பெருகப் பெருக அந்த வட்டம் சிறுக்கும். 1867-ல் வில்லியம் டாஸ் தன் அனுபவத்திலிருந்து ஒரு சூத்திரம் தந்தார். நெருங்கிய இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்ட ஒரு கருவியால் முடிகிற மிகச் சிறிய இடைவெளி, கோண வினாடியில், 116-ஐ வாயகலத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் வரும். 60 மில்லிமீட்டருக்குச் சுமார் 1.9 வினாடி. 150 மில்லிமீட்டருக்குச் சுமார் 0.8 வினாடி.

நம் கண்ணால் சுமார் 60 வினாடி இடைவெளியைப் பிரிக்க முடியும். சிரமமில்லாமல் பார்க்க 120 முதல் 240 வினாடி வேண்டும். 1.9 வினாடியை 240 ஆக்க எத்தனை மடங்கு? சுமார் 120. தீர்ந்தது கதை. 60 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டக்கூடிய அத்தனை நுணுக்கமும் 120 மடங்கிலேயே தெரிந்துவிடும். அதற்கு மேல் போவது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கல்யாண ஃபிளெக்ஸ் பேனராக அடிப்பது மாதிரி. முகம் பெரிதாகும், புதிதாக ஒரு மச்சம் கூடத் தெரியாது. "வாயகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கு, அதுதான் உச்சவரம்பு" என்று வானியல் அன்பர்கள் சொல்லும் வாய்ப்பாடு இங்கிருந்து வந்ததுதான்.

இதற்கு மேல் நம் வளிமண்டலம் வேறு இருக்கிறது. தார் ரோட்டில் மத்தியானம் காற்று நெளிகிறதே, அதே மாதிரி இரவிலும் நெளியும். எவ்வளவு பெரிய கருவியாக இருந்தாலும் பெரும்பாலான இரவுகளில் 250, 300 மடங்குக்கு மேல் பிம்பம் கலங்கிப் போகும்.

பெட்டியின் மேல் 675

இப்போது கடைக்குப் போவோம். 60 மில்லிமீட்டர் லென்ஸ். அட்டைப் பெட்டியின் மேல் சனி, நெபுலா என்று விண்வெளிக் கருவிகள் எடுத்த கலர் படங்கள். கொட்டை எழுத்தில் "675 மடங்கு!" எப்படி வந்தது இந்த எண்? குழாயின் குவிய தூரம் 900 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 225. நடுவில் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் சொருகினால் 675. கலிலியோவின் ஆயிரத்தைப் போலவே இதுவும் கணக்கில் பொய் இல்லை. கலிலியோ தெளிவையும் சேர்த்துச் சொன்னார், பெட்டிக்காரர் சொல்லவில்லை, வித்தியாசம் அவ்வளவே. 120-க்கு மேல் உள்ள 555-ம் காலி மடங்கு.

என் அலுவலக நண்பர் ஒருவர் பத்து வயது மகளுக்குப் பிறந்த நாள் பரிசாக இப்படி ஒன்றை வாங்கித் தந்தார். குழந்தை ஆசையோடு மிகச் சின்ன ஐபீஸைப் போட்டு, பார்லோவையும் சொருகிப் பார்த்தது. தெரிந்தது ஆடுகிற பனிமூட்டம். மூங்கில் குச்சி மாதிரி முக்காலி; ஃபோகஸைத் தொட்டாலே பிம்பம் ஓடிவிடும். மூன்றாம் நாள் அது பீரோ மேல் ஏறிவிட்டது. ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போனபோது இறக்கி வாங்கினேன். பார்லோவை ஓரம் கட்டினேன். முக்காலியின் காலை உள்ளே தள்ளிக் குட்டையாக்கி, நடுவில் ஒரு செங்கல்லைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டேன். 20 மில்லிமீட்டர் ஐபீஸ், 45 மடங்கு. வியாழனுக்குத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அங்கிள், பக்கத்துல வரிசையா நாலு புள்ளி இருக்கே, அது என்ன?" கலிலியோ 1610-ல் கேட்ட அதே கேள்வி! கருவி மாறவில்லை. மடங்கு குறைந்தது, அவ்வளவுதான்.

2009-ம் ஆண்டு, கலிலியோவின் 400-வது ஆண்டை உலகம் முழுதும் வானியல் ஆண்டாகக் கொண்டாடியபோது, மாணவர்களுக்கென்று கலிலியோஸ்கோப் என்ற சின்னத் தொலைநோக்கியை வடிவமைத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கூடி முடிவு செய்த அந்தக் கருவிக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ். உருப்பெருக்கம்? 25 மடங்கு. பார்லோ சேர்த்தால் 50. அவ்வளவே!

துறவி தந்த தொலைநோக்கி

கடைசியாக ஒரு மனிதர். ஜான் டாப்ஸன் (1915-2014). ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் துறவியாக இருந்தவர். மடத்தில் இருக்கும்போதே, கழித்துப் போட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாய், பிளைவுட் பெட்டி. தொலைநோக்கி மோகம் தலைக்கேறி, 1967-ல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் தெருவோரத்தில் கருவியை நிறுத்திப் போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டுச் சனியைக் காட்டினார். 1968-ல் அவரோடு சேர்ந்தவர்கள் நடைபாதை வானியலார் என்ற அமைப்பையே தொடங்கினார்கள்.

அவர் செய்த புரட்சி ஆடியில் இல்லை, தாங்கியில். ஒல்லி முக்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு, தரையில் உட்காரும் மரப் பெட்டியில் குழாயை வைத்தார். பக்கவாட்டில் சுழலும், மேலும் கீழும் சாயும். தொட்ட இடத்தில் நிற்கும். ஹெவேலியஸ் கயிற்றோடு போராடியதற்கு மூன்று நூற்றாண்டு கழித்துக் கிடைத்த தச்சு வேலை விடை! டாப்ஸோனியன் என்று அவர் பெயராலேயே இன்று விற்கிறது. தாங்கிக்குச் செலவு குறைவதால், கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஆடிக்குப் போகிறது.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்

150 மில்லிமீட்டர், அதாவது 6 அங்குல ஆடியும் 1200 மில்லிமீட்டர் குவிய தூரமும் கொண்ட டாப்ஸோனியன் ஒன்று வாங்குவோம். 25-ல் ஒன்று, 10-ல் ஒன்று என இரண்டு நல்ல ஐபீஸ். ஒரு இரண்டு மடங்கு பார்லோ. 48, 96, 120, 240 என்று நான்கு மடங்கு கையில் இருக்கும். 48-ல் நிலவு முழுசாகத் தெரியும், ஒரையன் நெபுலா தெரியும். 120-ல் வியாழனின் பட்டைகளும், காற்று ஒத்துழைத்தால் சனி வளையத்தின் நடுவே உள்ள கறுப்பு இடைவெளியும் தெரியும். 240 வருஷத்தில் சில நல்ல இரவுகளுக்கு. ஹாட்லியும் ஹெர்ஷலும் கேப்டன் ஜேக்கப்பும் வைத்திருந்த அதே ஆறு அங்குலம்தான். நமக்கு என்ன குறைச்சல்?

தனியாக வாங்க நினைக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாயகலம் எவ்வளவு? குழாயை லேசாகத் தட்டினால் ஆட்டம் எத்தனை வினாடியில் நிற்கிறது? கூட வரும் ஐபீஸ்களில் குறைந்த மடங்கு எது? நான்காவதாக வேண்டுமானால் "எத்தனை மடங்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவென்றால் 10 மடங்கு, 50 மில்லிமீட்டர் பைனாகுலர் போதும். கலிலியோவின் லென்ஸைவிட அது அகலம். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி ஏதாவது கூட வந்தால் உடனே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும். குழாயின் வாயை முழுதும் மூடும் தரமான வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கமே திருப்பக் கூடாது.

தொலைநோக்கி வந்து சேர்ந்த முதல் இரவில், சீனியர்கள் நாம் வரிசையில் பின்னால் நிற்போம். முதலாம் ஆண்டு மாணவர்கள் முதலில் பார்க்கட்டும். சின்ன எண்ணில், பெரிய வானம் தெரியட்டும்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் நட்பு!